வாழவந்தியில் இரு கல்லறைகள்

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால், நம் இல்லங்களில் குடில் கட்டும் பேச்சும், நட்சத்திரம் தொங்கவிடும் பேச்சும், பலகாரத்துக்கு மாவிடிக்கும் பேச்சுமாகவே இருக்கும். இவை வேண்டாமென்பதன்று நம் கருத்து. ஆயினும், நம் வாசல் விளக்கைக் காணும் பிற சமயத்து அயலார் அதனால் கிறிஸ்துவைப்பற்றி என்ன அறிகின்றனர் என எண்ணுங்கால், சேந்தமங்கலத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கொல்லிமலையே நம் நினைவுக்கு வருகிறது.

இன்று காரவல்லியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வண்டிகள் மலையேறுகின்றன. 1913ஆம் ஆண்டில் அவ்வசதி ஏது? மலைக் காய்ச்சல் என்றாலே சமவெளியார் நடுங்கிய காலம் அது. அவ்வாண்டில் மணம்புரிந்த ஜெசி பிராண்டு, எவ்லின் என்னும் ஆங்கிலத் தம்பதியர் மலைமீது வாழவந்தியில் குடியேறினர். இவர்கள் பாப்திஸ்து சபையினர். ‘நம் ஏட்டில் இவர்களுக்கென்ன இடம்?’ என்று எவரேனும் வினவலாம். பிரிந்த சகோதரரிடம் விளங்கும் மெய்யான கிறிஸ்தவச் செல்வங்களை மகிழ்வோடு ஏற்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே நமக்குக் கற்பித்துவிட்டது.

ஜெசி மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். எனினும் சொத்தைப் பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்திட்டார், நரம்புச் சிலந்திப் புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி நாட்கணக்கில் வெளியே எடுத்தார். தண்ணீருக்குள் மக்கள் கால்வைத்து இறங்குவதாலேயே அந்நோய் பரவுகிறதென்று விளக்கினார். மருந்து பெற்றவர் பலர். திருமுழுக்குப் பெற முன்வந்தவரோ ஆண்டுகள் பல சென்றும் இலர். அங்கிருந்த பூசாரி ஒருவர் இவர்களை வெளிப்படையாக எதிர்த்தார்.

பின்னர், முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய கொடிய சளிக் காய்ச்சல் இம்மலையையும் தீண்டியது. அப்பூசாரியும் படுத்தார். உற்றார் அஞ்சி ஒதுங்க, பிராண்டு தம்பதியரே அருகிருந்து பணிவிடை செய்தனர். சாகுந்தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? தாம் எதிர்த்த அவர்களிடமே! மலைமக்கள் சிலர் மனந்திரும்பியது அதன் பின்னரே.

நம் பங்குகளின் கிறிஸ்து பிறப்புப் பாடற்குழுக்கள் எந்தெந்த வீடுகளுக்குச் செல்கின்றன என்பதைச் சிறிது கவனிப்போம். பணமுடிப்புக் கிடைக்கும் வீடுகள் விடுபடுவதில்லை. படுக்கையில் கிடக்கும் அயல் சமயத்துக் கிழவியின் திண்ணையில் பாடியவர் எத்தனைபேர்? இக்கால மக்கள் போதகரைக் காட்டிலும் சாட்சிகளுக்கே செவிசாய்க்கின்றனர் என்னும் பொருள்பட ஆறாம் பவுல் பாப்பரசர் 1975 திசம்பரில் எழுதினார். கொல்லிமலையில் அது அதற்கு முன்பே கண்கூடான உண்மையாயிருந்தது.

1929 சூனில், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெசி மாண்டார். மகன் பவுல் பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளைச் சீர்படுத்திய அறுவை மருத்துவராய்ப் புகழ்பெற்றார். எவ்லின் அம்மையாரோ, எழுபதை எட்டும் வயதில் சபைப் பணியினின்று ஓய்வுபெற்றும் மலைகளை விட்டாரில்லை. மட்டக் குதிரைமீதும், இரு கைகளிலும் மூங்கிற் கோல் ஊன்றியும், கல்வராயன் மலைவரை சென்று நோயாளரைத் தேடினார். தம் குடிசையில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட அவர் வைத்துக்கொள்ளவில்லையாம்.

1974 திசம்பர் 18இல், கிறிஸ்து பிறப்புக்கு ஒரு வாரம் முன்னர், 95ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார். பெட்டி வேண்டாம், பருத்தித் துணி ஒன்றே போதும் என்பது அவர்தம் விருப்பம். அவ்வாறே சுற்றி, வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கஞ்செய்தனர்.