ஒட்டி நின்ற பேருந்து

திங்கள்
நாற்பது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு தாழ்தளப் பேருந்து வந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் இவை ஓடத் தொடங்கியபோது பேப்பரில் படம் பார்த்துக் குழந்தைபோலக் குதூகலித்தவள் நான். நிறுத்தத்தை மறித்து மூன்று ஷேர் ஆட்டோக்கள். பேருந்து நடுச்சாலையிலேயே நின்றது. நடத்துநர் இறங்கி நடுக்கதவின் பலகையைத் தூக்கிப் போட்டார். அது தார்ச்சாலையில் சறுக்குமரம்போலச் சாய்ந்தது. என் சக்கர நாற்காலியைப் பின்னால் இருவர் தள்ள, முன்னால் ஒருவர் இழுக்க, ஏறினேன். "பயப்படாதீங்கக்கா, புடிச்சிக்கிட்டோம்." உள்ளே எல்லாரும் என்னையே பார்த்தார்கள், தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல.

செவ்வாய்
வேலைக்குப் போகவில்லை, தோள்பட்டை வலி. படுத்தபடியே கணக்குப் போட்டேன். பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர் உயரம். தனியாக உருட்டி ஏற, உயரத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும் என்பது வழக்கமான விதி. அப்படியானால் 4.8 மீட்டர் பலகை! எந்தப் பேருந்தில் அது அடங்கும்? ஆகவே மீதி உயரத்தை நடைபாதைதான் தரவேண்டும். 150 மில்லிமீட்டர் நடைபாதையை ஒட்டி நின்றால் 250தான் மிச்சம். பேருந்து பக்கவாட்டில் தாழ்ந்துகொடுத்தால் இன்னும் குறையும். பாதி வண்டி தெருவில் இருக்கிறது என்று சொல்லலாம்.

புதன்
வக்கீல் தோழி போனில் நினைவூட்டினாள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. போக்குவரத்தைப் பற்றிய 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தத்திலிருந்துதான் தொடங்குகிறதாம். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. பத்தொன்பது வருடம். என் நாற்காலிக்கு இதுவரை நாலு டயர் மாற்றியிருக்கிறேன்.

வியாழன்
அதே ஓட்டுநர். இன்று ஹாரன் அடித்தே ஆட்டோக்களை விரட்டி, நடைபாதையை உரசுவதுபோல் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னல் வழியே பெருமையாகச் சிரித்தார். நானோ பத்தடி தள்ளிச் சாலையில் இருந்தேன். பைக்குகள் ஏறாதிருக்க நடைபாதை முனையில் நட்ட இரும்புக் கம்பங்களுக்கிடையே என் நாற்காலி நுழையாது.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்க."