நாய்மேல் போடும் பழி

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் நாய் வளர்த்தால், வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். என் பெரியம்மாவுக்குக் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட வேண்டும்: "ஏம்ப்பா, பிள்ளை அது மேலயே புரளுதே, வயித்துல பூச்சி வராதா?" பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தாலும் சரி, சாப்பிடாமல் அடம்பிடித்தாலும் சரி, குற்றவாளி வாசற்படியில் வாலாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான்.

முதலில் நாய்க்காக வாதாடிவிடுகிறேன். ராத்திரியில் பிள்ளைகள் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழக் காரணமான கீரிப்பூச்சி, நாயிடமும் இல்லை, பூனையிடமும் இல்லை. மனிதர் குடலில் மட்டும் வாழ்வது. பிள்ளையின் நகத்திலிருந்து வாய்க்கும், படுக்கை விரிப்பிலிருந்து பக்கத்தில் படுத்த தம்பிக்கும் அது போகும். அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் 1 முதல் 19 வயது வரைக்கும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, அதுவும் முக்கியமாக மனித மலத்தால் மண்ணில் சேரும் புழுக்களைக் குறிவைத்துத்தான். இந்தக் கணக்கில் நாய் நிரபராதி.

ஆனால் எல்லா வழக்கிலும் அதை விடுவிக்க முடியாது. நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவுக்கு டாக்சோகாரா என்று பெயர். தாய் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும், தாய்ப்பாலிலும் வரும். பானை வயிற்றோடு தத்தித்தத்தி வரும் குட்டியைப் பார்த்து "நல்லாச் சாப்பிடுது" என்று மெச்சுகிறோமே, பல நேரம் அந்த வயிற்றில் இருப்பது சாப்பாடு அல்ல. எங்கள் குட்டிக்குக் கால்நடை மருத்துவர் கடைவாயில் பைரண்டல் மருந்தைச் செலுத்திய மறுநாள் காலையில் பார்த்தேன். மங்கலான வெள்ளை நிறத்தில், விரல் நீளத்தில், முனை கூர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

ஒரு பெண் புழு ஒரே நாளில் லட்சம் முட்டைகூடப் போடும். ஆனால் அன்றைக்குப் போட்ட மலத்தில் உள்ள முட்டை தொற்றாது. இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து, உள்ளே இளம்புழு முதிர வேண்டும். அதற்குப் பிறகு அது வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மலம் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து, இருந்த சுவடே தெரியாமல் போன பிறகுதான் அந்த இடம் ஆபத்தானதாகிறது. அங்கே மண் அளைந்த கை வாய்க்குப் போனால் முட்டையும் கூடவே போகும்.

மனித உடம்புக்குள் இந்தப் புழுவால் முழுதாக வளர முடியாது. இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல் என்று அலையும். பெரும்பாலோருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்குக் காய்ச்சல், இருமல் வரும். அபூர்வமாகக் கண்ணுக்குள் புகுந்து பார்வையைக் கெடுக்கும். புற்றுநோயோ என்று அஞ்சி அகற்றப்பட்ட பிள்ளைகளின் கண்களை அமெரிக்காவில் ஹெலனர் வைல்டர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1950-ல் எழுதினார். 24 கண்களில் அவர் கண்டது இளம்புழுவை, அல்லது அது இருந்த தடயத்தை.

கொக்கிப்புழு வேறு வழியில் வரும். நாய் அசுத்தம் செய்த ஈரமணலில் வெறுங்காலோடு நடந்தால், இளம்புழு தோலுக்குள் நுழைந்து, அரிப்போடு வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு போடும். நாயின் வாலடியில் அரிசி போல ஒட்டியிருக்கும் நாடாப்புழுத் துண்டைப் பார்த்து அருவருப்பவர்கள் உண்டு. அதைத் தொட்டால் அந்தப் புழு வராது. தெள்ளுப்பூச்சியை விழுங்கினால்தான் வரும். அதனால் தவழ்கிற குழந்தைகள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் நிஜமாகவே பயப்படுவது இன்னொரு நாடாப்புழுவுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈரலைப் புரட்டினார். ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவில் வெளுத்த ஒரு நீர்க்கட்டி. கத்தி நுனியால் அதைச் சுற்றி அறுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசினார். தரையில் விழுவதற்குள் ஒரு நாய் கவ்விவிட்டது. ஈரலில் வரும் இத்தகைய நீர்க்கட்டி எக்கினோகாக்கஸ் புழுவின் கூடாக இருக்கலாம். அப்படியானால் உள்ளே ஆயிரக்கணக்கில் புழுத்தலைகள் இருக்கும். நாயின் குடலில் அவை சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களாகி முட்டையிடும். அந்த முட்டை மண்ணில் முதிரக் காத்திருப்பதில்லை. வெளியே வந்ததுமே தொற்றும். ஆடு மேய்ந்தால் ஆட்டின் ஈரலில், நம் வாய்க்குள் போனால் நம் ஈரலில் அதே கட்டி. பல வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து, கடைசியில் அறுவை மேசை வரைக்கும் கொண்டுபோகும்.

19-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் இந்த நோய் மலிந்திருந்தது. டென்மார்க்கின் ஹரால்ட் கிராபே 1863-ல் அங்கே போய் நாய்களை அறுத்துச் சோதித்தார். கட்டி உள்ள ஆட்டு உறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள் என்று பொதுமக்களுக்காக ஒரு சிறு நூலும் எழுதினார். பிறகு சட்டங்கள் வந்தன. நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். சில தலைமுறைகளில் நோய் அந்தத் தீவை விட்டே போய்விட்டது. இருந்தும் இந்த அச்சம் லேசில் விடவில்லை; தலைநகர் ரெய்க்யாவிக்கில் 1924 முதல் 1984 வரை நாய் வளர்க்கத் தடை இருந்தது. தண்டனை நாய்க்கு. கட்டியை அதன் வாயில் போட்டது மனிதக் கை.

எனக்கு விளங்கியவரை, நாய்ப் புழு நம்மிடம் வருகிற பாதையில் பாதிக்குமேல் நாம் போட்டுக்கொடுத்த பாதை. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே மருந்து, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தெள்ளுப்பூச்சிக்கு வைத்தியம், பச்சைக் குடல் ஈரலுக்குத் தடை, சாப்பிடுமுன் கை கழுவல். இவற்றில் எதுவும் பெரிய செலவில்லை. உருண்டைப்புழு வேறு இரண்டு மூன்று வாரம் தவணை தருகிறது. அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் அதன் கதை அங்கேயே முடிந்தது.

அந்த அள்ளுவதில்தான் நமக்குக் கௌரவக் குறைச்சல். பல ஆயிரம் கொடுத்து லாப்ரடார் வாங்கியவர், விடியற்காலையில் அதை அடுத்த தெருக் காலிமனை வரை நடத்திப்போய், காரியம் முடிந்ததும் வானத்தைப் பார்த்தபடி திரும்புகிறார். சாயங்காலம் அங்கேதான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரு பழைய செய்தித்தாளும், குனியச் சம்மதிக்கிற ஒரு முதுகும் இருந்தால் போதும். நாய் வளர்க்கிற நாங்கள் அதைச் செய்துவிட்டு, அப்புறம் நாய்க்காக வாதாடலாம்.