மோட்டரைத் திட்டுவதற்கு முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று கிழமையில் அளவெட்டியில் பல வீடுகளில் "மோட்டர் தண்ணி இழுக்குதில்லை" என்ற கதை வரும். போன வருசம் அந்தக் கதை எங்கள் வீட்டில் நடந்தது. அதில் எனக்குக் காசு போனது. பக்கத்து வீட்டு உறவும் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது பங்குக் கிணறு. உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் எங்கள் மோட்டர், மற்றப் பக்கம் பக்கத்து வீட்டு ஐயாவின் மோட்டர். அவருக்குக் கொஞ்ச வாழையும் ஒரு துண்டு வெங்காயமும்.

சித்திரை பிறந்த கையோடு தொடங்கியது. காலையில் சுபஹுக்கு எழும்பி மோட்டரைப் போட்டால் தண்ணீர் ஒழுங்காக வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு மணிக்குப் போட்டால் முதலில் வரும், பிறகு விட்டு விட்டு வரும், பிறகு உள்ளே கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். தாங்கியில் ஒரு சொட்டும் விழாது. ஒருநாள் மனைவி போட்டுவிட்டு மறந்துபோனார். அரை மணித்தியாலம் தண்ணீர் இல்லாமலே சுற்றியிருக்கிறது. உள்ளே தேங்கிய தண்ணீர் கொதித்து, மோட்டரோடு சேர்கிற பிவிசி குழாய் இளகி வளைந்துபோனது. சீலும் போய், மோட்டருக்கும் பம்புக்கும் நடுவில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது.

சீல் மாற்றினேன். குழாய் மாற்றினேன். புட்வால்வ் மாற்றினேன். கப்பாசிற்றரும் மாற்றினேன். பின்னேரம் ஆனால் அதே சத்தம்.

பிறகுதான் என் புத்தி பிழையான பக்கம் போனது. ஐயா மத்தியானம் வாழைக்கு இறைப்பதால்தான் எங்களுக்கு இல்லாமல் போகிறது என்று நினைத்தேன். "இனி நானும் பெரிய மோட்டர் ஒன்று போட்டால் சரி" என்று வேலியடியில் நின்று அவருக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் எங்கள் வளவுப் பக்கம் வரவும் இல்லை. முந்தி வாழைப்பொத்தி வெட்டினால் ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். அதுவும் நின்றது.

இரண்டு குதிரைவலு மோட்டருக்கு விலை கேட்டு வைத்துவிட்டு, பழையதைக் கழற்ற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். என்னிடம் படித்தவர். அவர் மோட்டரைத் தொடவே இல்லை. ஒரு நூல் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார். நனைந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து முழம் போட்டார்.

"சேர், மோட்டரில இருந்து தண்ணிக்கு இருபத்தேழு அடி. மோட்டர் என்ன செய்யும்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வளிமண்டல அமுக்கம் வருசா வருசம் நான் படிப்பிக்கிற பாடம். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது, வெளியில் இருக்கிற வளிதான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. அந்த வளி 76 சென்ரிமீற்றர் இரசத்தைத் தாங்கும், தண்ணீர் என்றால் ஏறத்தாழ 10 மீற்றர், 34 அடி. அது கணக்கில். குழாய் வளைவு, உராய்வு, புட்வால்வ் எல்லாம் தங்கள் பங்கை எடுத்தபிறகு, தரையில் இருக்கிற சாதாரண மோட்டருக்கு 25 அடி தாண்டினால் பாடுதான். ஒரு குதிரைவலுவோ இரண்டோ, வளி ஒன்றுதான். கரும்பலகையில் எழுதியது கிணற்றடியில் நினைவு வரவில்லை.

காலையில் 24 அடியில் நின்ற தண்ணீர், இரண்டு வீடும் இறைத்தபிறகு 27க்கு இறங்குகிறது. இரவில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே திரும்ப ஊறுகிறது. பழுது மோட்டரில் இல்லை. கிணற்றுக்கு மூச்சு விட நேரம் கொடுக்காததுதான் பழுது.

தம்பி கிணற்றுக்குள் எட்டு அடி கீழே இரண்டு இரும்புச் சட்டம் வைத்து மோட்டரை இறக்கிப் பூட்டினார். இப்போது அது 19 அடிதான் உறிஞ்ச வேண்டும், மிச்சத்தைத் தள்ளி ஏற்றிவிடும். ஐப்பசி மழைக்கு முன் திரும்ப மேலே எடுக்கச் சொன்னார். மண்ணெண்ணெய், பெற்றோல் மிசின் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அதன் புகை கிணற்றுக்குள் தங்கும், இறங்கியவர் ஏறமாட்டார்.

அன்றைக்கு அவரிடம் கேட்டு அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மோட்டர் சுற்றாமல் "ம்ம்ம்" என்று உறுமினால் உடனே நிறுத்துங்கள். கப்பாசிற்றர் போயிருக்கலாம், உள்ளே இறுகியிருக்கலாம், கரண்ட் குறைவாகவும் வரலாம். கப்பாசிற்றரை நீங்கள் தொடாதீர்கள், சுவிச்சை நிற்பாட்டிய பிறகும் அதில் மின் தங்கி நிற்கும். காலையில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் போட வேண்டி இருக்கிறதா? புட்வால்வில் குப்பை அல்லது கசிவு. கிணற்றில் தண்ணீர் இருந்தும் குமிழியோடு விட்டு விட்டு வருகிறதா? வெயிலில் வெடித்த உறிஞ்சு குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. நடுவில் ஒழுகினால் சீல். அதை விட்டால் தண்ணீர் பெயாரிங்குக்குப் போய்க் கீச்சிடும், கடைசியில் கம்பிச் சுற்றும் போகும்.

இருபது நிமிசம் ஓடித் தானாக நின்று, ஆறினபிறகு தானாக ஓடினால் மோட்டர் கொதிக்கிறது. நான் வெயிலுக்குப் பயந்து சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். அது அதன் மூக்கைப் பொத்துகிற வேலை. மேலே கிடுகுப் பந்தல் போடுங்கள், நாலு பக்கமும் காற்றுப் போகட்டும்.

ட்ரிப் சுவிச் விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக லைன் எடுக்கச் சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டப் பார்த்தேன். பிறகு பார்த்தால் வயரின் மேலுறை வெயிலில் வெடித்துச் செம்பு தெரிந்தது. அந்தக் கிணற்றடியில்தான் என் பிள்ளைகள் கால் கழுவுகிறார்கள். ட்ரிப் விழுவது பழுதல்ல, எச்சரிக்கை. தகுதியான மின் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

அன்று பின்னேரம் ஐயாவிடம் போனேன். "பிழை என்னில்தான் ஐயா" என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். துலா மிதித்த காலத்தைக் கதைத்தார். ஒரு ஆள் துலாவில், ஒரு ஆள் பட்டையில், வெயில் ஏற முதல் நிறுத்திவிடுவார்களாம். "மனுசன் களைச்சுப் போவான் சேர், அதால கிணறு தப்பிச்சுது. மோட்டர் களைக்காது" என்றார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் மண்ணெண்ணெயைச் சிரட்டையால் அளந்த மாதிரி அளந்து இறைத்த கதையும் சொன்னார்.

நமக்கு ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டம் செய்வதும் கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீரில்தான். அந்த நன்னீர் கீழே உள்ள உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால், மெல்ல மெல்ல உப்பு அந்த 40 அடி ஏற வழி கிடைக்கும். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலைக் கேணியில் மோட்டர் இல்லாமலே நன்னீர் ஊறுவதும் இதே கல்லிலிருந்துதான். நான் வாங்க நினைத்த இரண்டு குதிரைவலு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உவர் நீரைத்தான் கொண்டுவந்திருக்கும்.

இப்போது முறை வைத்திருக்கிறோம். எங்களுக்கு விடிய 5.30க்கு இருபது நிமிசம். ஐயாவுக்கு இரவு, வாழைக்கு ஒன்றைவிட்டு ஒருநாள். மத்தியானம் இரண்டு பேரும் தொடுவதில்லை. கிணற்றுக் கட்டில் ஒரு கல்லும் நூல் கயிறும் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளும் ஐயாவின் பேரனும் அளந்து சுவரில் கரியால் எழுதுவார்கள். போன ஞாயிறு 22 அடி.

உங்கள் கிணறு எத்தனை அடி என்று அளந்து கீழே எழுதுங்கள். மோட்டர் கடைக்குப் போவதற்கு முதல் அதைச் செய்யுங்கள்.

நேற்று வாழைப்பொத்தி வந்தது. இன்றைக்கு வீட்டில் வறை.