வடக்கே ஒரு கிப்லா

வடக்கு என்ற சொல் எங்கள் தலைமுறைக்கு வெறும் திசையின் பெயரல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. முசலிப் பகுதியிலுள்ள எங்கள் ஊரிலிருந்து தெற்கே நடந்தோம். அதன் பின்னர் புத்தளத்து முகாமில் யாராவது 'வடக்கு' என்றால், விட்டுவந்த வீடும் கிணறும் பள்ளிவாசலும்தான் கண்முன் வரும். யுத்தம் முடிந்தபின் நான் ஊருக்குத் திரும்பி, அங்கேயே படிப்பிக்கிறேன். நானா அதற்கு முன்பே கனடாவுக்குப் போய் எட்மன்டனில் குடியேறிவிட்டார். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் இருவருக்கும் மிஞ்சியது இரண்டு ஏக்கர் காணி. தன் பங்கை விற்றுவிட வேண்டும் என்பது நானாவின் எண்ணம். 2018 ஜூனில் என்னைக் கனடாவுக்கு அழைத்தபோது, காணி உறுதியையும் கொண்டுவரச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்ததும் அவர் காணிக் கதையை எடுக்கவில்லை. "வா தம்பி, உனக்கு உண்மையான வடக்கைக் காட்டுறன்" என்றார். அவரிடம் பாவித்த வீட்டு வண்டி ஒன்று இருந்தது. அங்கு ஆர்.வி. என்பார்கள். படுக்கை, காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு ஒன்று. முதலாவது குறையக் குறைய மற்ற இரண்டும் நிறையும். நிறைந்ததை அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் பூட்டி வெறுமையாக்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து வேளையும் வுழூச் செய்தால் தண்ணீர் கட்டுப்படியாகாது என்று, மதினி ஆளுக்கொரு கோப்பை என அளந்து தந்தார். முகாமில் பவுசர் வரும்வரை வாளிகளோடு வரிசையில் நின்ற நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. நானாவுக்கும் வந்திருக்கும். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

எட்மன்டனிலிருந்து ஆர்ட்டிக் சமுத்திரக் கரைக்கு ஒருவழிப் பயணம் மட்டும் ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர். டோசன் கிறீக்கில் அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிறது. ஜப்பானியருக்கு அஞ்சி, 1942இல் அமெரிக்க இராணுவம் எட்டே மாதத்தில் காட்டையும் சேற்றையும் ஊடறுத்துப் போட்ட பாதை அது. அதில் உழைத்த படையினரில் மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தவர். பாதையோரத்தில் கரடி புல் மேயும். காட்டெருமைகள் நடுவீதியில் நின்றால் அவை விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பைன் மரங்கள், ஆறு, மலை, மீண்டும் பைன் மரங்கள். நாள் முழுக்க ஓடியும் ஒரு சிறு பட்டினத்தைக் காணாத நாட்களும் இருந்தன.

யூகொனிலுள்ள வாட்சன் லேக்கில் பெயர்ப்பலகைகளாலான ஒரு காடு இருக்கிறது. 1942இல் வீதி வேலைக்கு வந்த ஒரு சிப்பாய், ஊர் நினைவு தாங்காமல், தன் ஊரின் பெயரையும் தூரத்தையும் எழுதி நட்டானாம். அவனைப் பார்த்து மற்றவர்களும் நட, இன்று பல்லாயிரம் பலகைகள் நிற்கின்றன. நானாவின் இளைய மகன் அவற்றிடையே ஓடித் திரிந்துவிட்டு, "சாச்சா, எங்கட ஊருக்கு இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். எட்மன்டனில் பிறந்த பிள்ளை 'எங்கட ஊர்' என்று எதைச் சொல்கிறான் என்று விளங்காமல் நான் நானாவைப் பார்த்தேன். அவர் டயரின் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோசன் சிற்றிக்கு அருகில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரிகிறது. 1979இல் திறக்கப்பட்ட கிரவல் பாதை அது. நிலத்தின் அடியில் எப்போதும் உறைந்திருக்கும் மண். அது உருகினால் பாதை தாழ்ந்துவிடும் என்பதால், தடித்த கிரவல் மெத்தை போட்டு அதன் மேல் வீதி அமைத்திருக்கிறார்கள். முதல் எரிபொருள் நிலையம் ஈகிள் பிளெய்ன்ஸில், 369ஆவது கிலோமீற்றரில். 405ஆவது கிலோமீற்றரில் ஆர்ட்டிக் வட்டத்தைக் கடந்தோம். பீல் ஆற்றையும் மக்கென்சி ஆற்றையும் பாதைப்படகில் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் அதே ஆறுகள் உறைய, பனிக்கட்டியின் மேலேயே லொறிகள் ஓடும்.

இனுவிக்கை அடைந்தபோது ஜூன் கடைசி. அங்கு அந்த நாட்களில் சூரியன் மறைவதேயில்லை. அடிவானத்தைத் தொடுவது போல இறங்கிச் சுற்றிவந்து மீண்டும் ஏறும். மஃரிப் எப்போது, இஷா எப்போது? ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும் காலத்தைப் பற்றிய ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, இத்தகைய இடங்களில் நேரத்தைக் கணித்துத் தொழலாம் என்கிறார்கள் உலமாக்கள். இனுவிக் முஸ்லிம்கள் எட்மன்டன் நகரின் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள்.

அவர்களுடைய பள்ளிவாசலின் கதை நம்மவர்கள் அறியவேண்டிய ஒன்று. நூறு பேருக்கு உட்பட்ட அந்தச் சமூகம் பல வருடங்களாக ஒரு சிறிய இழுவை வண்டிக்குள் நெருக்கியடித்துத் தொழுதுவந்தது. அங்கேயே பள்ளி கட்டுவது பெருஞ்செலவு. எனவே வின்னிபெக் நகரில் பள்ளியை முழுதாகக் கட்டி, 2010இல் ட்ரக்கில் ஏற்றி ஹே றிவர்வரை கொண்டுவந்து, அங்கிருந்து மக்கென்சி ஆற்றில் தட்டைப்படகில் அனுப்பினார்கள். ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். வழியில் ஒரு பாலத்தில் கவிழப் பார்த்தது. பருவத்தின் கடைசிப் படகைத் தவறவிட்டிருந்தால் ஆறு உறைந்திருக்கும். அது செப்டெம்பரில் வந்து சேர, நவம்பரில் பள்ளி திறக்கப்பட்டது. சிறிய மினாராவை ஊரிலேயே செய்து நிறுத்தினார்கள்.

அந்தப் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோதுதான் நானா வாய் திறந்தார்.

"பாத்தியா தம்பி, ஆக்கள் எங்கேயோ, பள்ளி அங்கே வந்திருக்கு. எங்கட ஆக்கள் புத்தளத்தில இருக்கிறாங்க, கொழும்பில இருக்கிறாங்க, இங்கே இருக்கிறம். காணியை மட்டும் வச்சு என்ன செய்ய? என்ட புள்ளைகள் அங்கே வருமா?"

அவர் சொன்னதில் நியாயமிருந்தது. எங்களுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. இங்கே பள்ளி பயணம் செய்து ஆட்களிடம் வந்தது. அங்கே பள்ளி நின்ற இடத்திலேயே நிற்க, ஆட்கள் பயணம் போனார்கள். நாங்கள் திரும்பியபோது எங்கள் பள்ளியின் கூரையில்லாச் சுவர்களுக்குள் மரம் முளைத்து நின்றது.

"உண்மைதான் நானா" என்றேன். "ஆனா பள்ளி சும்மா வரல்ல. டிசம்பர்ல ஒரு மாசம் சூரியனே எழும்பாத ஊர்ல, அந்தச் சின்ன வண்டிக்குள்ள சிலபேர் விடாமத் தொழுதுகொண்டு இருந்தாங்க. அவங்க இருந்தபடியாத்தான் வந்திச்சு. ஊர்லயும் சிலபேர் இருக்கிறம். ஒவ்வொருத்தரா வித்தா, பிறகு வாறதுக்கு ஒண்டுமில்ல."

நானா மறுமொழி சொல்லவில்லை.

அன்றிரவு ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தினோம். சுபஹுக்கு எழுந்தபோது மணி மூன்று. நானாவின் தொலைபேசியிலுள்ள திசைகாட்டி கிப்லாவைக் காட்டியது. எங்கள் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகியவன் நான். ஆனால் இனுவிக்கிலிருந்து மக்காவுக்குப் பூமியின் மேலாகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. கிப்லா ஏறக்குறைய நேர் வடக்கு. அந்த நேரத்தில் சூரியனும் நேர் வடக்கில் தாழ நின்றது. நானா முன்னே நிற்க, அவருடைய பிள்ளைகளும் நானும் வடக்கை நோக்கி நின்றோம். நுளம்புகள் முகத்தில் மொய்த்தன. ஸுஜூதிலிருந்து எழ நானா வழமையைவிட நேரமெடுத்தார்.

அடுத்த நாள் துக்தொயாக்துக் போனோம். 2017 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய பாதையால் அந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு வருடம் முழுவதும் தரைவழியாகப் போகலாம். அங்கு இனுவியாலுயிற் மக்கள் வாழ்கிறார்கள். நிலத்தடி உறைமண் உருக உருகக் கடல் கரையை அரிக்கிறது. கரையோரத்து வீடுகள் சிலவற்றை 2020இல் உள்ளே நகர்த்தினார்கள் என்று பின்னர் வாசித்தேன். வீட்டை நகர்த்தினார்களே தவிர, ஊரைக் கைவிடவில்லை. நானாவும் நானும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அந்தக் கடலில் இறங்கினோம். எலும்பு வலிக்கும் குளிர். "சிலாவத்துறைக் கடல் நல்ல சூடு என்ன?" என்றார் நானா. அவ்வளவுதான்.

காணி உறுதி நான் கொண்டுபோன உறையிலேயே திரும்பி வந்தது. விற்பதாகவோ விற்கமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய பிள்ளைகள் ஊரில் வந்து வாழ்வார்கள் என்று நான் நம்பவுமில்லை. மறு வருடம் மாரிக்கு முன்பு என் கணக்குக்குக் கொஞ்சப் பணம் வந்தது. எதற்கென்று தொலைபேசியில் கேட்டேன்.

"முள்ளுக்கம்பி வாங்கு. என்ட பக்கத்து வேலி விழுந்திருக்கும்."