விரித்துக் காட்டும் நாள்

டொராண்டோவில் எங்கள் தையல் குழு இன்று கூடியது. முடித்த வேலைகளை விரித்துக் காட்டும் நாள். நான் ஒரு குவில்ட்டும் ஒரு கம்பளி அப்ளிக் மேசைவிரிப்பும் கொண்டுபோனேன்.

கம்பளித் துணியை வெந்நீரில் அலசிச் சூட்டில் உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு வெட்டினாலும் ஓரம் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டியதில்லை. வெட்டிய இலை வடிவத்தை இன்னொரு துணிமேல் அப்படியே வைத்து, ஓரத்தைச் சுற்றி பிளாங்கெட் தையல் போட்டால் அப்ளிக் ஆகிவிடும். அந்தச் சுதந்திரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

குவில்ட்டை இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். ஓர் அக்கா மட்டும் நேரே பின்பக்கம் போனார். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி மூன்றையும் பிணைக்கும் தையல் அங்கேதான் தெளிவாகத் தெரியும். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த குவில்ட்டுகள், 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. அதற்கு எத்தனையோ காலம் முன்பே அவற்றின் அருமை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கைவேலை தெரிந்தவர் பார்க்கும் பார்வை வேறு.

குழுவுக்குப் புதிதாக வந்த அம்மா ஒருவர் தன் முதல் அப்ளிக்கைத் தொடங்கியிருக்கிறார். நீலக் கம்பளி போதவில்லை என்றார். என்னிடம் மிச்சமிருந்த துண்டுகளையெல்லாம் கொடுத்துவிட்டேன்.