அரிக்கமேட்டில் இறங்கிய இத்தாலி ஒயின்



பிரான்சில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் இத்தாலி ஒயின் பாட்டில் படத்தை அனுப்பி, "சார், இது நம்ம ஊர்ப் பக்கம் வருமா?" என்று கேட்டிருந்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது தம்பி!

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தார்கள். அந்த ஜாடிகளில் சில நேப்பிள்ஸ் பக்கத்துக் கம்பானியா கடற்கரையிலிருந்தும், சில கிரேக்கத்தின் கோஸ் தீவிலிருந்தும் ஒயின் சுமந்து வந்தவை. கசியாமல் இருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும்கூட ஜாடிகளில் வந்தன. இங்கே செய்த கண்ணாடி மணிகள் கடல் கடந்து போயின.

அப்பாவின் குடியால் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை வில்லியனூர், பாகூர்ப் பள்ளிகளில் நிறையப் பார்த்தவன் நான். குடிக்குப் பரிந்து பேசமாட்டேன். ஆனால் புதுச்சேரி என்றாலே மலிவுச் சரக்கு என்று வெளியூரார் கேலி செய்யும்போது நம் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியதில்லை. கடல் தாண்டி வாங்க வைத்த மணியைச் செய்தது நம் மண்ணின் கை.

விடுமுறைக்கு வந்தால் பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போங்கள். ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டால் எடுத்து வராதீர்கள். அடுத்து வரும் பிள்ளையும் பார்க்கட்டும்.