நான் கிழித்த கோடு

இருபது ஆண்டுகளாக வெண்கட்டியும் கையுமாக வாழ்பவன் நான். நான் கிழித்த கோட்டை மாணவர் எவரும் தாண்டுவதில்லை என்ற சிறு கர்வமும் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தைச் சென்ற ஆண்டு ஐப்பசியிலே ஒரு பூனை அடக்கிவிட்டது. அக்கதையை ஒளிக்காமற் கூறுவதனால் வேறொரு வீட்டில் ஒரு பூனையோ, நாயோ, தவழும் குழந்தையோ தப்புமானால், அதுவே எனக்குப் போதும்.

மாத்தளையின் ஐப்பசி மழையைப் பற்றி இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நண்பகல் வரை வெயில் காயும். பிற்பகலில் நக்கிள்ஸ் மலைப்பக்கம் கறுக்கும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வீடு சேருமுன் கொட்டித் தீர்க்கும். மண்ணில் நீர் புகுந்ததும் அங்கே குடியிருந்த எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு நம் சுவர் வெடிப்புகளுக்குக் குடிபெயர்கின்றன. குடிவந்த இடத்தில் உணவு தேடுவது எவர்க்கும் இயல்புதானே?

எங்கள் வீட்டில் அவை கண்டுபிடித்த அன்னசத்திரம் கறுப்பியின் தட்டு. கறுப்பி என் மகள் வளர்க்கும் பூனை. மீன் கலந்த சோற்றைப் பாதி உண்டு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று போய்விடுவது அதன் வழக்கம். கால் மணி நேரத்தில் தட்டு எறும்பு மயமாகிவிடும். பசியோடு திரும்பி வந்த பூனை, மூக்கில் கடி வாங்கித் தலையை உதறிக்கொண்டு விலகிப் போவதைக் காண என் மகளுக்குப் பொறுக்கவில்லை.

“தட்டைத் தூக்கி ஒரு தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வையப்பா. அந்தக் காலத்தில பால் சட்டிய அப்படித்தானே வைப்போம்” என்றார் என் தாயார்.

“அதெல்லாம் பழைய முறை அம்மா. இப்போது மருந்து இருக்கிறது” என்றேன் படித்த மகன்.

கடைத்தெருவில் எறும்பு வெண்கட்டி என்று ஒன்று விற்கிறார்கள். பார்வைக்கு நாம் வகுப்பிலே எழுதும் வெண்கட்டியேதான். பெட்டியின் மேல் எனக்குத் தெரியாத மொழியில் ஏதோ அச்சிட்டிருந்தது. அதை வாசிக்க இயலாதவன் வாங்காமல் வந்திருக்க வேண்டும். நானோ இரண்டு பெட்டி வாங்கினேன். பூனையின் தட்டைச் சுற்றி, வட்டம் பிசகாமல், தடித்த கோடாகக் கிழித்தேன். மறுநாட் காலையில் ஓர் எறும்பும் இல்லை. என் தாயாரை நான் பார்த்த பார்வையில் வெற்றி இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை, “அப்பா, கறுப்பிக்கு என்னவோ செய்யுது, ஓடி வாங்க!” என்று மகள் அலறினாள். பூனையின் வாயிலிருந்து நுரை நுரையாக உமிழ்நீர் வழிந்தது. காதுகள் துடித்தன, உடம்பு முழுவதும் நடுங்கிற்று. துணியிற் சுற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். அவர் முதலிற் கேட்ட கேள்வி, “வீட்டில் என்ன மருந்து போட்டீர்கள்?” என்பதுதான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ வினாத்தாள் தயாரித்த எனக்கு, அந்த ஒரு வினாவுக்கு விடை சொல்ல நா எழவில்லை.

வைத்தியர் இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் பூனையைக் கழுவினார். நடுக்கம் தணிய ஊசி ஏற்றினார். அப்பொழுதுதான் நடந்தது விளங்கிற்று. பூனை வெண்கட்டியைத் தின்னவில்லை. கோட்டின் மேல் நடந்தது. தூள் பாதத்தில் ஒட்டியது. பூனைகளுக்கேயுரிய தூய்மையோடு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்தது. இவ்வகை வெண்கட்டிகளில் டெல்டாமெத்திரின், சைப்பர்மெத்திரின் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கும். செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பூச்சிநாசினியைப் பார்த்து மனிதன் செயற்கையாக ஆக்கிய குடும்பத்தைச் சேர்ந்தவை அவை, நரம்புகளைத் தாக்குபவை. மனிதனும் நாயும் ஓரளவு முறித்துவிடும் இந்நஞ்சுகளை முறிப்பதற்கு வேண்டிய ஆற்றல் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இதே குடும்பத்துப் பெர்மெத்திரின் கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசிச் சாகடித்தவர்கள் உலகெங்கும் உண்டு.

கறுப்பி மூன்றாம் நாள் பிழைத்தெழுந்தது. அந்த மூன்று நாளும் மகள் என்னோடு பேசவில்லை. எனக்கோ வேறொரு நினைவு உறக்கத்தைக் கெடுத்தது. வெண்கட்டியைக் கண்டால் தரையிற் படம் வரையாத குழந்தை உண்டா? வரைந்த விரலை வாயில் வைக்காத குழந்தைதான் உண்டா? நாம் நின்றபடி மருந்து போடுகிறோம். அதன் பலனைத் தரையோடு வாழ்பவர் அனுபவிக்கிறார்கள். வீட்டில் எதையும் தெளிக்குமுன் ஒரு முறை குனிந்து, பூனையின் உயரத்திலிருந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

பின்னர் எறும்பைப் பற்றிப் படிக்கலானேன். எட்வேர்ட் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர், இத்தீவில் மாத்திரமே வாழும் தொன்மையான எறும்பினம் ஒன்றைத் தேடி 1955 இல் இலங்கைக்கு வந்து, இரத்தினபுரிப் பக்கத்துக் காடுகளில் அதனைக் கண்டவர். அவரே 1950களின் இறுதியில் நெருப்பெறும்பின் உடலிலுள்ள நுண்ணிய சுரப்பியொன்றின் சாற்றைக் கோடாக இழுத்துப் பார்த்தார். எறும்புகள் திரண்டு வந்து அந்தக் கோட்டின் வழியே நடந்தன. எறும்பின் ஊர்வலத்தை நடத்துவது கண்ணன்று, மணம் என்பது இவ்வாறு துலங்கிற்று. அவர் கிழித்த கோடு அறிவைத் தந்தது. நான் கிழித்த கோடு நடுக்கத்தைத் தந்தது.

மணமே வழியென்றால், வழியை அழிக்க நஞ்செதற்கு? சவர்க்கார நீரில் நனைத்த துணியால் எறும்பு வந்த தடம் முழுவதையும் துடைத்தால் போதும். நீர் கலந்த வினாகிரியும் உதவும். தடம் தொடங்கும் வெடிப்பைச் சீமெந்தால் அடைக்கலாம். கூரையைத் தொடும் கொய்யாக் கிளையை வெட்டிவிடலாம். பூனைக்கு வேளை தவறாமல் உணவிட்டு, அரை மணியில் தட்டை எடுத்துக் கழுவிவிடலாம். என் தாயார் சொன்ன நீர்ப்பாத்திரம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. தட்டின் விளிம்பு வெளிப்பாத்திரத்தைத் தொடாதிருக்க வேண்டும், நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும், அவ்வளவே. மாமரத்து முசுறு முற்றத்தோடு இருக்குமட்டும் அதனை விட்டுவிடுவதே நன்று; அது மரத்துப் பூச்சிகளைத் தின்னும் காவற்காரன்.

இவ்வளவுக்கும் அடங்காத கூட்டமானால், கரம் பலகைக்குப் போடும் போரிக் தூள் உண்டு. 500 மில்லி லீற்றர் நீரில் 50 கிராம் சீனியும் 5 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, பூனையும் பிள்ளையும் எட்டாத அலுமாரிப் பின்புறத்தில் வைக்கலாம். தூளைக் கூட்டினால் வேகமாக வேலை செய்யும் என்று எண்ணுவது பிழை. வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்தால் பயனில்லை. அது புற்றுக்குச் சென்று இராணிக்கு ஊட்ட வேண்டும். ஆகவே சில வாரம் பொறுமை வேண்டும். தெளிமருந்து அடிப்பதோ, சில இனச் சிற்றெறும்புகளின் குடியை இரண்டு மூன்றாகப் பிரித்து, வீடெங்கும் பரப்பிவிடும். போரிக் தூளும் நஞ்சுதான். பெயரெழுதி, பூட்டி வைக்கவேண்டியது.

வாசனைத் திரவியங்களின் ஊரான மாத்தளையாருக்கு ஒரு சொல். கறுவா எண்ணெயும் கராம்பு எண்ணெயும் இயற்கையானவை, ஆகவே தீங்கற்றவை என்று கருதிப் பூனை நடக்கும் தரையிற் பூசாதீர்கள்; அவற்றையும் அதன் ஈரல் தாங்காது. மண்ணெண்ணெயும் பூச்சி உருண்டையும் அவ்வாறே. மரக்கறித் தோட்டத்திற்கு அடித்து மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் கொடிது. பூச்சிநாசினிகளைக் கட்டுப்படுத்த 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் நம் சமையலறைக்குள் வந்து நிற்காது. தவறி விலங்கொன்று நஞ்சு தீண்டினால், நீங்களாக வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் செல்லுங்கள்.

இன்று கறுப்பியின் தட்டு நீர் நடுவே தீவு போல இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் என் தாயார் வாசலில் அரிசிமாக் கோலம் இடுகிறார். எறும்புகள் அங்கே தம் பங்கைப் பெற்றுக்கொண்டு போகின்றன. “இது எறும்புக்கு, அது பூனைக்கு” என்று பேத்திக்கு விளக்குவதாக என் காதிலும் படும்படி சொல்லுவார். நான் மறுமொழி பேசுவதில்லை. என் வெண்கட்டி இப்பொழுது கரும்பலகையை விட்டு இறங்குவதில்லை.